பஞ்சாங்கம் பாராத மைனா

நான் சொல்லும் எந்த நாளையும் எங்கள் வீட்டில் எவரும் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. வெள்ளையடிப்பவன் இருபத்தைந்தாம் தேதி வருவான் என்று நான் சொன்னால், மூன்றாம் தேதியே என் மனைவி சுவரோரத்துப் பெட்டிகளை நகர்த்தத் தொடங்கிவிடுவாள். நான் குறிக்கும் நாளிலிருந்து இருபத்திரண்டைக் கழித்துக்கொள்வது இக்குடும்பத்தின் வாய்ப்பாடு. என் மக்கள் கழித்தல் பழகியதே இந்த எண்ணைக் கொண்டுதான். வீட்டுக்குப் புதிதாக வரும் மருமகனுக்கு முதல் வேளைச் சாப்பாட்டிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். (பாவம், அவரும் என்னைப் பார்த்தபடியே தலையாட்டுகிறார்.)

இதற்கெல்லாம் காரணம் ஒரு பசு. பழி முழுவதையும் வாயில்லாத உயிரின்மேல் போடுவது முறையன்று. ஒரு பசுவும், மேலட்டை இல்லாத ஒரு பஞ்சாங்கமும், இருபத்து நான்கு வயதில் எனக்கிருந்த தன்னம்பிக்கையும் சேர்ந்து செய்த காரியம் என்பதே நேர்மையான வாக்குமூலம்.

போர் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு. பண்டிதத் தேர்வில் தேறி, ஏதேனும் ஒரு பள்ளியில் வேலை கிடைக்கும் என்று தென்காசியில் வீட்டோடு காத்திருந்தேன். தேர்வு முடிந்திருந்ததேயன்றி அதன் நோய் என்னைவிட்டு நீங்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் எழுதுவது போலவே பேசுவேன். தயிர்க்காரி என்னைக் கண்டால் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடுவாள்.

அந்தத் தை மாதத்தில் என் தந்தையார் கடையநல்லூர் நெசவாளர் ஒருவரிடம் சினைப்பசு ஒன்றை வாங்கினார். காதர் என்பது அவர் பெயர். இரண்டாவது தறி போட இடமில்லாமல் தொழுவையே தறிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். பசுவைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். கயிற்றைக் கைமாற்றும்போது தந்தையார் கேட்டார்.

"எப்போ காளைக்கு விட்டிய?"

"ரஜப் பிறை இருபத்தொண்ணு அண்ணாச்சி. மிஹ்ராஜ் ராவுக்கு ஆறு நாள் இருந்துது. அன்னைக்குத்தான் தறிக்குத் தெருவில நீட்டியிருந்த பாவு நூலு மழையில நனைஞ்சுபோச்சு, அதனால மறக்கல. அதுக்குப் பொறவு பருவத்துக்கு வரவே இல்ல. ஒரே தடவையில நின்னுட்டு."

தந்தையார் தலையசைத்துக் கொண்டார். அவருக்கு அவ்வளவு போதும். பங்குனி சித்திரை கழிந்தால் வயிறும் மடியும் தாமே சொல்லும் என்பது அவர் முறை. அருகில் நின்ற எனக்கோ அப்போதே ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. ஒரு பசு எத்தனை நாள் சுமக்கிறது? தோராயமாக அன்று, சரியாக எத்தனை நாள்?

வீடு வந்து சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு, மாடு வைத்திருந்தவர் அனைவரையும் கேட்டேன். தந்தையார் ஒன்பது மாதமும் பத்து நாளும் என்றார். அடுத்த தெரு எண்ணெய்க்காரர் காளைக்கன்றானால் நான்கு நாள் கூடும் என்றார். காதரின் மனைவி ஒன்பது பிறை முழுதாகவும் பத்தாம் பிறை பாதியும் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் தொழுவைப் பார்த்துக்கொண்ட இசக்கியிடம் கேட்டபோது, சாணக் கூடையை இறக்காமலே பதில் சொன்னாள்.

"அது எண்ணிக்கிட்டா இருக்கு தம்பி? வயித்துல உள்ளது வெளிய வரணும்னு நெனச்சா வந்துரும்."

இசக்கிக்கு முப்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்தில் எந்தத் தொழுவில் எந்தப் பசு ஈனத் திணறினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆயினும் அவள் விடை எனக்கு விடையாகப் படவில்லை. எல்லோர் சொல்லையும் கூட்டிக் கழித்துப் பார்த்து இருநூற்று எண்பது நாள் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் பிழையில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னர் இதை எவரும் நினைவுகூர மாட்டார்கள்.

எஞ்சியிருந்தது ரஜப் பிறை இருபத்தொன்று நம் கணக்கில் எந்த நாள் என்று காண்பது. பழைய பஞ்சாங்கங்களை அடுக்கிக் கட்டிப் பரணில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நடந்து முடிந்த நாள் பழைய ஏட்டில்தானே இருக்கும் என்று, கட்டின் மேலே கிடந்த ஒன்றை எடுத்தேன். எலி கடித்து மேலட்டையும் முதல் சில ஏடுகளும் போயிருந்தன. ஆகவே அது எந்த ஆண்டினது என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஐப்பசி எந்த ஆண்டிலும் ஐப்பசிதானே. ரஜப் மட்டும் எங்கே போய்விடப் போகிறது என்று எண்ணினேன். உள்ளே முகமதியர் மாதங்களும் அச்சிட்டிருந்தன. ரஜப் இருபத்தொன்று, ஐப்பசி இரண்டாம் நாள். அங்கிருந்து இருநூற்று எண்பது நாளை விரல்விட்டு எண்ணி, ஆடித் திங்கள் பத்தாம் நாளில் வந்து நின்றேன்.

(ஓலைச்சுவடியானால் எழுதியவன் யார், எழுதிய ஆண்டு எது என்று பாராமல் ஒரு வரியையும் நம்பாதே என்று மூன்றாண்டு படித்தவன் நான்.)

அதன்பின் ஓர் அட்டவணை எழுதினேன். பசுவுக்கு மைனா என்று காதர் வீட்டில் இட்டிருந்த பெயர் எனக்குப் பிடிக்காததால், நறுங்கொன்றை என்று மாற்றி, அதையே தலைப்பாகவும் இட்டேன். ஈற்று நாளுக்குப் பத்து நாள் முன்னதாகத் தொழுவில் காய்ந்த வைக்கோலைக் கணுக்கால் அளவு பரப்ப வேண்டும். எட்டு நாள் முன்னதாகப் புண்ணாக்கைக் குறைத்து, கருப்பட்டியும் சுக்கும் இடித்து வைக்க வேண்டும். ஐந்து நாள் முன்னதாக நஞ்சுக்கொடியைக் கட்டித் தொங்கவிட ஓலைப்பெட்டி முடைய வேண்டும். இப்படியே ஈற்று நாள்வரை. அழகிய கையெழுத்தில் படியெடுத்து, கஞ்சிப் பசை தடவித் தொழுவின் தூணில் ஒட்டினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது தாளின் கீழ்ப்பாதி இல்லை. கஞ்சியின் சுவைக்காகப் பசு நக்கித் தின்றிருந்தது.

"நாளைத் தின்னுட்டு தம்பி" என்றாள் இசக்கி. "இனி அது இஷ்டத்துக்குத்தான்."

நான் வேறொரு படி எழுதி, எட்டாத உயரத்தில் ஒட்டினேன்.

இனி, இந்தப் பசுவுக்கும் என் திருமணத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். ஆலங்குளத்தில் கோமதி என்று ஒரு பெண். முந்திய ஆண்டு அவ்வூரில் ஒரு திருமணப் பந்தியில் அவளைப் பார்த்திருந்தேன். பெண்கள் பந்தியில் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே உண்டபோது, பரிமாறியவரை நிறுத்தி, "கூட்டுல உப்பே இல்ல, உள்ள போயிச் சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு தொடர் எனக்குப் போதுமானதாக இருந்தது. (எதிர்ப்பந்தியில் நானும் உப்பில்லாத கூட்டைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன், சொல்ல நா எழவில்லை.) தந்தை இல்லாத பெண். தாய்மாமன் எடுத்த முடிவே முடிவு. அவரைப் பற்றி வந்த செய்தி எங்கள் வீட்டைக் கலங்க வைத்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தொழுவைப் பார்ப்பாராம். சாணம் அள்ளாத தொழுவைக் கண்டு இரண்டு மாப்பிள்ளைகளைத் தள்ளிவிட்டாராம்.

ஆனி மாதம் சாரல் நன்றாக விழுந்தது. தங்கையோடும் தங்கை மகளோடும் குற்றாலத்துக்குக் குளிக்க வருவதாகவும், திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்துபோவதாகவும் மாமன் சொல்லி அனுப்பினார். ஆனி இருபதாம் நாள். அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் திருமணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஆவணிவரை பொறுத்திருக்க எனக்குத் தெம்பில்லை. அம்பாசமுத்திரத்து எழுத்தர் ஒருவரும் அதே பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வேலையும் இருந்தது.

தந்தையார் தயங்கினார்.

"ஏலே, மாடு நெறஞ்சு நிக்கி. வந்தவங்க இருக்கும்போது அது கண்ணு போட்டுதுன்னா எவன் இங்கன பாக்க, எவன் அங்கன பாக்க? ஆவணிக்கு வரச் சொல்லுதேன்."

"இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அப்பா. ஆடி பத்துக்கு முன்னர் ஈனாது. அதற்கு நான் பொறுப்பு."

"நீ பொறுப்புன்னா மாடு கேக்குமா?"

அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினேன். என்னைப் படிக்க வைத்தவர் அவர். படிப்பின்மேல் அவருக்கிருந்த மதிப்பு அன்று அவர் கண்ணை மறைத்துவிட்டது. "சரி, வரட்டும்" என்றார்.

ஆனி பதினெட்டாம் நாள் இசக்கி என்னைத் தொழுவுக்கு இழுத்துப்போய்ப் பசுவின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"வால் முளைக்கிற எடத்துல ரெண்டு பக்கமும் பாருங்க, குழி விழுந்துட்டு. மடி கல்லு மாரி இருக்கு. நேத்துலருந்து வழும்பு தட்டுது. இது ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது."

உண்மையில் குழி விழுந்துதான் இருந்தது. விரலை வைத்தால் பதியும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அது எதனால் அப்படி ஆகிறது என்று ஆவலோடு குனிந்து பார்த்தேனே தவிர, அது எனக்குச் சொல்லப்பட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் இருபத்து நான்கு நாள் இருக்கிறது, இசக்கி."

"யாரு சொன்னா?"

"கணக்குச் சொல்கிறது."

"கணக்கா கண்ணு போடப் போவுது?"

இந்த வாய் விருந்தினர் வரும் நாளில் வீட்டில் இருப்பது நல்லதன்று என்று எனக்குப் பட்டது. இலஞ்சியில் இருந்த அவள் தங்கையைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி ஆனி இருபதாம் நாளுக்கு விடுப்புக் கொடுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொறவு என்னத் தேடக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

அன்று காலையில் நானே தொழுவில் இறங்கினேன். மாமன் கண்ணுக்குத் துரும்பு ஒன்றும் படக்கூடாது என்று, கிடந்த வைக்கோலை ஒன்றுவிடாமல் கூட்டியள்ளிப் பின்கொல்லைப் படப்பில் கொண்டுபோய்ப் போட்டேன். கல் தளத்தை நான்கு முறை கழுவினேன். கண்ணாடிபோல் மின்னியது. பசு ஒருமுறை கால் வழுக்கி, தூணில் சாய்ந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. பிறகு குளித்து, சரிகைக் கரையிட்ட புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு வில்வண்டி வந்தது. பிளந்து நின்ற பெரிய கோயில் கோபுரத்துக்குத் தெற்கே எங்கள் தெரு. வீட்டை ஒட்டிய முடுக்குச் சந்தில் தொழுவின் வாயில். அதன் எதிரே பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். திருமணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்பதால் கோமதி வண்டியிலேயே இருந்துகொண்டாள். மாமனும் பெண்ணின் தாயாரும் மட்டும் ஈரத்தலையோடு உள்ளே வந்தனர். ஒரு கூடை மங்குஸ்தான் பழமும் வந்தது.

மாமன் பேச்சில் சிக்கனமானவர். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, தொழு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பின்கட்டில் என்று தந்தையார் கைகாட்டினார்.

"கறவை எத்தனை?"

"ஒண்ணு கறக்கு. ஒண்ணு செனை."

"எப்போ ஈனும்?"

இந்தக் கேள்விக்காக நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். தந்தையார் வாய் திறப்பதற்குள் முன்னே நகர்ந்து உட்கார்ந்து, கடையநல்லூரில் தொடங்கி, பிறைக் கணக்கை நாள் கணக்காக மாற்றுவது எங்ஙனம் என்பதை விளக்கலானேன். கேட்பவர் கண்ணில் ஆவல் தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. ஐப்பசி இரண்டைக் கடந்து மார்கழிக்கு வந்தபோது தொழுவிலிருந்து ஒரு கதறல் கேட்டது.

"பசிக்குது போல" என்றாள் என் தாயார்.

நான் நிறுத்தவில்லை. பங்குனியில் இன்னொரு கதறல். "ஆகவே, ஆடித் திங்கள் பத்தாம் நாள்" என்று நான் முடித்த அந்த நொடியில், முடுக்கிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக வந்தது.

"மாமா, இங்கன மாடு கண்ணு போடுது. ஒத்தக் கால்தான் தெரியுது."

வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் தொழுவின் குட்டைச்சுவர் மறைக்காது. வந்ததிலிருந்தே அவள் பசுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லோரும் பின்கட்டுக்கு ஓடினோம். ஓடும்போதும் நான், அப்படியிருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பசு ஈரத் தளத்தில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. எழ முயலும்போதெல்லாம் குளம்பு வழுக்கிற்று. கன்றின் ஒரு முன்னங்காலும் மூக்கின் நுனியும் தெரிந்தன. இரண்டு காலும் சேர்ந்து நீண்டு வந்தால்தான் கன்று சிக்காமல் இறங்கும். மற்றொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. இது அன்று எனக்குத் தெரியாது. எல்லோர் முகமும் மாறியதைப் பார்த்து ஏதோ கேடு என்று மட்டும் புரிந்தது.

"இசக்கி எங்கலே?" என்றார் தந்தையார்.

"இலஞ்சிக்குப் போயிருக்கிறாள்."

"இன்னைக்கா? யாரு போகச் சொன்னது?"

நான் தூணைப் பார்த்தேன். தூணில், எட்டாத உயரத்தில், அட்டவணை இருந்தது.

மாமன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தார். அவருடையது ஏர் பிடித்த கை. உள்ளங்கையே முறம்போல் இருந்தது. இரண்டு முறை முயன்றுவிட்டுத் தலையை அசைத்தார். "ஒல்லிக் கையா இருக்கணும். எங்க வீட்டுல இத கோமதிதான் பாப்பா" என்று முணுமுணுத்தார். என் தாயார் தெருவுக்கு ஓடி யாரையாவது அழைத்து வருகிறேன் என்றாள். அதற்குள் பசுவின் கதறல் முனகலாகத் தேய்ந்துவிட்டது.

"அம்மா, நான் எறங்கட்டா?" என்று வண்டியிலிருந்து கேட்டாள் கோமதி.

"ஏட்டி, பேசாம இரி. மாப்பிள்ளை வீட்டு வாசலை இப்போ மிதிக்கக் கூடாது."

"அப்போ ரெண்டு உசிரும் போவட்டுமா?"

எல்லோரும் மாமனைப் பார்த்தனர். அவர் முடுக்குப் பக்கத்து மரக்கதவைப் பார்த்தார். அதன் கீழே சாணம் வழிவதற்கு விட்டிருந்த பள்ளத்தைப் பார்த்தார். மாடு உரசி உரசித் தேய்ந்த நிலைக்காலைப் பார்த்தார்.

"இது வீட்டு வாசலா? மாட்டு வாசல்தான" என்றார். "எறங்கு தாயி."

கோமதி இறங்கி வந்தாள். கையில் ஒரு பித்தளைப் போகணி. அருவியில் குளிக்கக் கொண்டுவந்த நல்லெண்ணெயின் மிச்சம் அதில் இருந்தது. வளையல்களைக் கழற்றித் தாயிடம் கொடுத்து, கையைக் கழுவி, முழங்கைக்கு மேல்வரை எண்ணெயைத் தடவிக்கொண்டு மண்டியிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "தலையப் பிடிச்சுக்கிடுங்க. பேசிக்கிட்டே இருங்க, அது பயப்படுது" என்றாள்.

நான் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "நறுங்கொன்றை, அஞ்சாதே. சற்றே பொறுத்துக்கொள்" என்றேன். பசு மிரண்டு தலையை உதறியது. கொம்பு என் தாடையில் இடித்தது.

"இதுக்கு வேற பேரு கெடையாதா?" என்று கேட்டாள் கோமதி. அவள் கை அப்போது முழங்கைவரை உள்ளே இருந்தது.

ஐந்து மாதம் அந்தப் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை. "மைனா" என்றேன் மெல்ல. காது திரும்பியது. "மைனா, இந்தா மைனா, ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லத் தொடங்கினேன். என் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வருவதைக் கேட்டு என் தாயார் திகைத்து நின்றாள். பசு அடங்கியது.

கோமதி கன்றை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையில் பொத்தி, பசு முக்காத இடைவெளி பார்த்து முன்னே இழுத்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நாள் கணக்கே தவறியவன் நொடிக் கணக்குச் சொன்னால் யார் நம்புவார்? இரண்டு குளம்பும் சேர்ந்து தெரிந்தன. மாமன் பற்றி இழுத்தார். அடுத்த முக்கலில் கன்று வழுக்கிக்கொண்டு தளத்தில் விழுந்தது.

விழுந்த கன்று அசையவில்லை. மூச்சும் இல்லை.

"வைக்கோல்" என்று கையை நீட்டினாள் கோமதி. உடம்பைச் சூடு பறக்கத் தேய்த்தால்தான் மூச்சு வரும். ஒரு தொழுவில் நின்றுகொண்டு வைக்கோல் கேட்பது பேராசையன்று. நான்கு பக்கமும் தளம் பளபளத்தது.

"வைக்கோல் படப்பில் இருக்கிறது" என்றேன்.

"அதுமேல ரெண்டு நாளாச் சாரல் விழுது" என்றார் தந்தையார்.

கோமதி சுற்றிலும் பார்த்தாள். அவள் தாயார், மாமன் எல்லோர் உடுப்பும் அருவி நீரில் ஊறியிருந்தது. அந்த இடத்தில் சட்டென்று எடுத்துக் கொடுக்கக்கூடிய உலர்ந்த துணி ஒன்றுதான் இருந்தது. அவள் முதன்முறையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"அந்தத் துண்டைத் தாங்க."

கொடுத்தேன். சரிகைக் கரையால் கன்றின் மூக்கையும் வாயையும் துடைத்தாள். எஞ்சிய துண்டைச் சுருட்டி விலாவில் ஓங்கித் தேய்த்தாள். மாமன் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்தார். மூக்கிலிருந்து நீர் வடிந்தது. சுவரோரம் முளைத்திருந்த ஒரு புல்லைக் கிள்ளி மூக்கினுள் விட்டாள். ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் விட்டாள். கன்று தும்மியது, தலையை ஆட்டி, இன்னொரு முறை தும்மியது. பசு மெல்லத் திரும்பி அதை நக்கத் தொடங்கியது.

"கிடேரி" என்றார் மாமன். பிறகு எழுந்து கையைக் கழுவினார். அதன்பின்தான் தொழுவை அடிமுதல் முடிவரை பார்த்தார். தளத்தைக் காலால் தேய்த்துப் பார்த்தார். தூணில் இருந்த அட்டவணையை அண்ணாந்து படித்தார். எனக்கு அம்பாசமுத்திரத்து எழுத்தரின் முகம் நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சி, பையனுக்கு மாடு தெரியாது."

"தெரியாது" என்றார் தந்தையார்.

"நாளும் தெரியாது."

"அது இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

மாமன் முடுக்குக்குப் போனார். வண்டியருகே நின்று கோமதியிடம் ஏதோ கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னாள். திரும்பி வந்து, ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று என் தந்தையாரிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார். பெண்ணின் தாயார் எல்லோரும் கேட்கும்படி, "எம்பிள்ள வாசல் மிதிக்கல, கேட்டியளா" என்று இரண்டு முறை சொன்னாள்.

வண்டியருகே கோமதி சொன்னது என்ன என்பது எனக்குப் பல ஆண்டு தெரியாது. மாமியார்தான் ஒருநாள் சொன்னாள். "தலையப் பிடிக்கச் சொன்னேன், பிடிச்சாரு. துண்டைக் கேட்டேன், குடுத்தாரு. ரெண்டுக்கும் ஏன்னு கேக்கல" என்றாளாம்.

மாலையில் இசக்கி வந்தாள். கன்றையும் தளத்தையும் வெறும் தோளோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆடி பத்து அதுக்குள்ள வந்துட்டா தம்பி" என்று கேட்டுவிட்டு, ஓலை வாங்கப் போனாள். நஞ்சுக்கொடி விழுந்திருந்தது, பெட்டி முடைந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காதர், தம் வீட்டுப் பசுவின் கன்றைப் பார்க்கக் கடையநல்லூரிலிருந்து நடந்தே வந்தார். சீம்பாலை ஆவியில் வேகவைத்துத் தாயார் கொடுத்ததை உண்டுகொண்டிருந்தபோது, பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய் அவர் முன் விரித்தேன். அவர் பார்த்தார், சிரித்தார்.

"இது பழசுல்லா தம்பி. எங்க மாசம் நின்ன எடத்துல நிக்காது. வருசத்துக்குப் பதினோரு நாள் முன்ன முன்ன வந்துக்கிட்டே இருக்கும். நோம்பு மழையிலயும் வரும், கோடையிலயும் வரும். பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கஞ்சி வாங்கிக் குடித்தும் இருக்கிறேன். பரணில் ஏறிக் கட்டைப் பிரித்தேன். உரிய ஆண்டின் பஞ்சாங்கம் நடுவில் இருந்தது. நான் எடுத்தது அதற்கும் இரண்டு ஆண்டு மூத்தது. ஆண்டுக்குப் பதினொன்றாக இரண்டு ஆண்டுக்கு இருபத்திரண்டு. உண்மையான ரஜப் இருபத்தொன்று புரட்டாசி பதினொன்றாம் நாள் வந்திருக்கிறது. அங்கிருந்து எண்ணினேன். மீண்டும் ஒருமுறை எண்ணினேன். ஆனி இருபது, சரியாக இருநூற்று எண்பதாம் நாள். ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.

எனக்கு உடல் சிலிர்த்தது. எழுத்தறியாத ஒரு பசு இருட்டில் ஒரு கன்றை வளர்த்து, எந்த ஏட்டையும் புரட்டாமல், நான் போட்ட கணக்கின் கடைசி நாளில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. அது எவ்வாறு அறிந்தது? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை. பரணிலிருந்தபடியே, "அப்பா, என் கணக்கு மிகச் சரி. தொடங்கிய நாள்தான் பிழை" என்றேன். கீழே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்றுவரை ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆவணியில் நிச்சயமும் அடுத்த முகூர்த்தத்தில் திருமணமும் நடந்தன. அந்தக் கன்று வளர்ந்து ஐந்து ஈற்று ஈன்றது. ஒவ்வொரு முறையும் கோமதி வால் அடியில் விரலை வைத்துப் பார்த்து நாள் சொல்வாள். நான் வைக்கோல் பரப்புவேன். என்னிடம் எதற்கேனும் கோபம் வந்தால், "நான் இந்த வீட்டுக்குத் தொழு வாசல் வழியா வந்தவ, எனக்கு என்ன தெரியும்" என்பாள். அதற்குமேல் நான் வாதாடுவதில்லை. எங்கள் முதல் குழந்தைக்கு நாள் கேட்டு மருத்துவச்சி வந்தபோது, அடுக்களையிலிருந்து நான்கு குரல்கள் ஒருசேர, "அவர்கிட்ட கேக்காதிய" என்றன. அன்றுதான் இருபத்திரண்டைக் கழிக்கும் வழக்கம் முறைப்படி தொடங்கியது.

சென்ற மாசியில் சென்னையிலிருந்து என் இளைய மகள் கடிதம் எழுதியிருந்தாள். மனைவி கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்ததால் நான்தான் உரக்கப் படித்தேன். தலைப்பிரசவம். மார்ச்சு இருபத்தெட்டு என்று டாக்டர் அம்மாள் சொல்லியிருந்தார்.

"அப்போ ஆறாம் தேதி" என்று சொல்லிக்கொண்டே அரிவாள்மணையை மடக்கினாள்.

"சொன்னவர் மருத்துவர், கோமதி."

"வாசிச்சது யாரு?"

ஐந்தாம் தேதி வண்டியில் கருப்பட்டியும் சுக்குமாகப் புறப்பட்டுப் போய்விட்டாள். மூன்று வாரம் ஓட்டல் சாப்பாடு என்று எண்ணி, என்னையே நொந்துகொண்டிருந்தேன். பத்தாம் தேதி ஓர் அஞ்சலட்டை வந்தது. அவளுடைய உருண்டைக் கையெழுத்து, நான்கே வரி.

"பேத்தி. இருவரும் சுகம். ஏழாம் தேதி காலையில் பிறந்தாள். ஒரு நாள் பிந்திவிட்டது."